புற்றுநோய் செல்லின் இழுவிசை: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்கிடலாம்!

உங்கள் ஆப்டிகல் மவுஸைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சிறிய துளையும் அதற்குள் சிவப்பு வெளிச்சமும் தெரியும். உள்ளே இருப்பது ஒரு குட்டிக் கேமரா. மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படம் எடுக்கிறது. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, மேஜையில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அந்த அளவுக்குத்தான் திரையில் கர்சர் நகர்கிறது.

இதே வேலையை, உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு புற்றுநோய் செல்லுக்கு அடியில் செய்தால் என்ன ஆகும்? அந்தச் செல் தன்னைச் சுற்றியுள்ள பரப்பை எந்த இடத்தில் எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த முறைக்கு டிராக்ஷன் ஃபோர்ஸ் மைக்ராஸ்கோப்பி என்று பெயர். சுருக்கமாக டி.எஃப்.எம். தமிழில் இழுவிசை நுண்ணோக்கியியல் எனலாம்.

மைக்ராஸ்கோப்பும் செல் வளர்க்கும் அறையும் நம்மிடம் இல்லை. புதுக்கோட்டையில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் என்னிடமும் இல்லை. ஆனால் படம் எடுத்த பிறகு நடக்கும் வேலை முழுவதும் கம்ப்யூட்டர் வேலைதான். அதற்கான சாஃப்ட்வேர் இலவசம். சாதாரண பி.சி. போதும். இந்தக் கட்டுரையில் அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். கூடவே, அந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் பார்ப்போம். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

செல்லுக்குக் கை கால் உண்டா?

நம் உடம்பில் தசை சுருங்குவதற்குக் காரணம் ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரதங்கள். இவை தசையில் மட்டும் இல்லை, ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. ஆக்டின் கயிறு மாதிரி. மயோசின் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கும் ஆள் மாதிரி. கயிற்றின் முனை செல்லின் அடிப்பகுதியில் உள்ள ஒட்டுப்புள்ளிகள் வழியாக வெளியே இருக்கும் பரப்போடு கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இழுத்தால் வெளியே உள்ள பரப்பும் சேர்ந்து இழுபடும்.

திருவப்பூர் மாரியம்மன் கோவில் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுக்கும்போது அவர்கள் கால் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. ஈர மண்ணாக இருந்தால் கால் தடம் ஆழமாக விழும். தேர் போன பிறகு தடத்தைப் பார்த்தே எங்கே நன்றாக இழுத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் மண் எவ்வளவு இறுக்கம் என்று தெரியாமல் சொல்ல முடியாது. சேற்றில் குழந்தை மிதித்தாலும் ஆழமான தடம் விழும்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டி.எஃப்.எம். முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

ஒரு செல்லின் பலம் எவ்வளவு? நானோ நியூட்டன் கணக்கில்தான் சொல்ல வேண்டும். ஒரு நானோ நியூட்டன் என்பது ஒரு நியூட்டனில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கடுகின் எடை சுமார் 2 மில்லிகிராம் என்று வைத்தால், அது கீழே அழுத்தும் விசை 20,000 நானோ நியூட்டன். ஒரு செல் மொத்தமாகக் கொடுப்பது பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு நானோ நியூட்டன் மட்டுமே. ஆனால் அந்த விசை மிகச் சிறிய ஒட்டுப்புள்ளிகளில் குவிகிறது. ஒரு சதுர மைக்ரானுக்குச் சில நானோ நியூட்டன் என்றால், அழுத்தக் கணக்கில் அது சில ஆயிரம் பாஸ்கல். செல்லின் அளவுக்கு இது நல்ல பிடி!

சுருங்கிய ரப்பரில் தொடங்கிய கதை

1980-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஹாரிஸ் என்பவரும் அவரது சகாக்களும் மிக மெல்லிய சிலிகோன் ரப்பர் ஏட்டின் மேல் செல்களை விட்டார்கள். செல்கள் நகரும்போது ரப்பர் ஏடு சுருக்கம் சுருக்கமாக மடிந்தது. பாலின் மேல் படியும் ஆடையை விரலால் ஒதுக்கினால் மடியுமே, அதே மாதிரி. செல் தன் அடியில் இருப்பதை இழுக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சுருக்கத்தை வைத்து விசையைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினம்.

1999-ல் மைக்கா டெம்போ, யூ-லி வாங் இருவரும் வேறு வழியைக் காட்டினார்கள். ரப்பருக்குப் பதிலாக பாலிஅக்ரிலமைடு என்ற மிருதுவான ஜெல். அதற்குள் ஒளிரும் நுண்மணிகள். மணியின் விட்டம் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். செல் இழுத்தால் ஜெல் நகரும், ஜெல் நகர்ந்தால் மணி நகரும். மணியைப் படம் எடுத்தால் போதும்.

2003-ல் இன்னொரு குழு ஜெல்லுக்குப் பதில் நாற்று நட்டதுபோல வரிசையாக நிற்கும் சிலிகோன் தூண்களைப் பயன்படுத்தியது. செல் பிடித்து இழுக்கும் தூண் வளையும். எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு விசை.

ஜெல் முறையில் இரண்டு படம் வேண்டும். முதல் படம், செல் இழுத்துக்கொண்டிருக்கும்போது. அதன் பிறகு ட்ரிப்சின் போன்ற மருந்தை ஊற்றிச் செல்லைக் கழற்றிவிடுவார்கள். ஜெல் தன் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது எடுப்பது இரண்டாவது படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குத் தேவை.

கம்ப்யூட்டர் செய்யும் மூன்று வேலைகள்

வேலை 1: ஆறு வித்தியாசம் கண்டுபிடி. வார இதழ்களில் வரும் அதே விளையாட்டுதான். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, முதல் படத்தின் ஒவ்வொரு சதுரமும் இரண்டாவது படத்தில் எங்கே அதிகம் பொருந்துகிறது என்று கம்ப்யூட்டர் தேடும். பொருந்தும் இடம் கிடைத்ததும் அங்கே ஓர் அம்புக்குறி போடும். மவுஸ் செய்வதும் இதே வேலைதான். இதற்கு பி.ஐ.வி. என்று பெயர்.

வேலை 2: நகர்விலிருந்து விசை. இங்கேதான் சிக்கல். ஒரு கயிற்றுக் கட்டிலில் நான்கு பேர் உட்கார்ந்தால், நடுவில் உள்ள பள்ளத்துக்கு நான்கு பேருமே காரணம். பள்ளத்தை மட்டும் பார்த்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் எடை என்ன என்று பின்னோக்கிச் சொல்ல வேண்டும். ஜெல்லும் அப்படித்தான். ஓரிடத்தில் இழுத்தால் பக்கத்தில் உள்ளதும் நகரும். 2002-ல் ஜேம்ஸ் பட்லரும் அவரது குழுவினரும் இதற்கு ஃபூரியர் உருமாற்றத்தைப் பயன்படுத்தினார்கள். வினாம்ப் பிளேயரில் ஈக்வலைசர் பார்த்திருப்பீர்கள். பாட்டை பேஸ், ட்ரெபிள் என்று தனித்தனியாகப் பிரித்துவிடும். நகர்வுப் படத்தையும் அதேபோல் பிரித்துவிட்டால், சிக்கலான கணக்கு வெறும் வகுத்தலாக மாறிவிடுகிறது. வகுத்த பிறகு மறுபடி ஒன்று சேர்த்தால் விசைப் படம் கிடைக்கும். இதற்கு எஃப்.டி.டி.சி. என்று பெயர்.

வேலை 3: இரைச்சலை அடக்குதல். மங்கலான போட்டோவை ஃபோட்டோஷாப்பில் அளவுக்கு மேல் ஷார்ப்பன் செய்தால் முகத்தில் புள்ளி புள்ளியாக வருமே, அதே ஆபத்து இங்கும் உண்டு. நகர்வை அளப்பதில் வரும் சிறு பிழை, விசையாக மாறும்போது பெரிதாகிவிடும். அதை அடக்க ஒரு எண்ணை நாமே கொடுக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால் இல்லாத விசையெல்லாம் தெரியும். அதிகமாகக் கொடுத்தால் இருக்கும் விசையும் அழிந்துவிடும்.

கடல்பாசியில் ஒரு சோதனை

கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் நோன்பு நாட்களில் கடல்பாசி காய்ச்சாத வீடு குறைவு. அதே கடல்பாசிதான் நம் ஜெல். மளிகைக் கடையில் அகர் அகர், சைனா கிராஸ் என்றும் கேட்கலாம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கணக்கில் ஒரு தட்டும், 12 கிராம் கணக்கில் இன்னொரு தட்டும் காய்ச்சுங்கள். கொஞ்சம் பால் சேர்த்தால் வெள்ளையாக இருக்கும், படம் தெளிவாக வரும். சர்க்கரை வேண்டாம், எறும்பு வரும். விளிம்பு தாழ்வான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். ஆறி உறையும்போது தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றைத் தட்டின் நடுவில் பாதி மூழ்கும்படி வையுங்கள். மூடியில் முன்பே ஓட்டை போட்டு நூல் கட்டியிருக்க வேண்டும். நன்றாக உறைந்ததும் மேலே மிளகுத்தூளைத் தூவுங்கள். மிளகுத்தூள்தான் நம் நுண்மணி.

செல்போனை இரண்டு அடுக்குப் புத்தகங்களுக்கு நடுவே, கேமரா கீழே பார்க்கும்படி அசையாமல் வையுங்கள். தட்டில் ஒரு ஸ்கேலும் தெரியட்டும். நூலைத் தட்டின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, முனையில் 20 கிராம் எடை கட்டுங்கள். செல்ஃப் டைமரில் ஒரு படம். எடையை மெதுவாக எடுத்துவிட்டு இன்னொரு படம். செல் இழுக்கும் படம், செல்லைக் கழற்றிய படம் என்ற அதே வரிசை! எடையை அதிகமாக்க வேண்டாம், கடல்பாசி கிழிந்துவிடும்.

இமேஜ்ஜே சாஃப்ட்வேர்

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பாண்ட் எழுதிய இலவச சாஃப்ட்வேர் இது. 1997 முதல் கிடைக்கிறது. ஜாவாவில் எழுதப்பட்டதால் விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். கூகுளில் இமேஜ் என்ற ஆங்கிலச் சொல்லோடு ஜே என்ற எழுத்தை இடைவெளி இல்லாமல் சேர்த்துத் தேடுங்கள். ஃபிஜி என்ற பெயரில் பல பிளக்-இன்கள் சேர்த்த தொகுப்பும் உண்டு. அதை இறக்கினாலும் சரி. பிறகு கிங்ஸோங் செங் என்பவர் எழுதிய பி.ஐ.வி., எஃப்.டி.டி.சி. பிளக்-இன்களை இறக்கி, பிளக்-இன்ஸ் ஃபோல்டரில் போட்டு, சாஃப்ட்வேரை மூடித் திறங்கள்.

1. ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து இரண்டு படங்களையும் திறங்கள்.

2. இமேஜ் மெனுவில் டைப் என்பதற்குள் போய் 8-பிட் என்று மாற்றுங்கள். படம் கருப்பு வெள்ளையாகும்.

3. இமேஜ் மெனு, ஸ்டாக்ஸ், இமேஜஸ் டு ஸ்டாக். இரண்டும் ஒரே அடுக்காகும். கீழே உள்ள ஸ்குரோல் பாரை நகர்த்தினால் மிளகுத்தூள் துள்ளுவது தெரியும்.

4. பிளக்-இன்ஸ் மெனுவில் பி.ஐ.வி. என்பதைத் தேர்ந்தெடுத்து இயக்குங்கள். பெரிய சதுரத்தில் தொடங்கிச் சிறிய சதுரத்துக்கு வரும். சில நொடிகளில் வண்ண அம்புக்குறிகள் தோன்றும்.

5. முடிவை டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமியுங்கள். எக்செல்லில் திறந்தால் முதல் நான்கு நெடுவரிசைகளில் ஒவ்வொரு புள்ளியின் இடமும் நகர்வும் எண்ணாகவே இருக்கும்.

பிக்சலை மில்லிமீட்டராக மாற்ற ஸ்கேல் உதவும். படத்தில் 10 சென்டிமீட்டர் நீளம் 1000 பிக்சலாக வந்தால், ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டர். 12 பிக்சல் அம்பு என்றால் 1.2 மில்லிமீட்டர் நகர்வு.

இப்போது இரண்டு தட்டுகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொங்கவிட்டது அதே 20 கிராம்தான். நான் செய்தபோது 5 கிராம் தட்டில் நீள நீளமான அம்புகள், 12 கிராம் தட்டில் குட்டை அம்புகள். அம்பு நீளமாக இருப்பதால் மட்டும் விசை அதிகம் என்று ஆகாது. ஜெல்லின் இறுக்கம் தெரிந்தால்தான் விசை தெரியும். எஃப்.டி.டி.சி. பிளக்-இன் கேட்பதும் அதைத்தான். யங் மாடுலஸ் என்ற பெட்டியில் நீங்கள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது மறுப்புச் சொல்லாமல் அழகான வண்ணப் படம் வரைந்துவிடும்!

சரி, புற்றுநோய் பற்றி என்ன தெரிந்தது?

2005-ல் வேலரி வீவர் குழுவினர் எலிகளின் மார்பகத் திசுவை அளந்தார்கள். நல்ல திசுவின் இறுக்கம் 200 பாஸ்கலுக்கும் கீழே. கட்டியின் இறுக்கம் சுமார் 4000 பாஸ்கல். இதைவிட முக்கியமான விஷயம், நல்ல செல்களையே இறுக்கமான ஜெல்லில் வளர்த்தபோது அவை அதிக பலத்தோடு இழுக்கத் தொடங்கின, புற்றுநோய் செல்போல ஒழுங்கு குலைந்தன. அதாவது இறுக்கமான சுற்றுப்புறம் செல்லை இழுக்க வைக்கிறது, இழுத்த செல் சுற்றுப்புறத்தை மேலும் இறுக்கமாக்குகிறது. ஒரு சுழல் மாதிரி.

2012-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிந்தியா ரைன்ஹார்ட்-கிங் குழுவினர் மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகிய மூன்று வகைப் புற்றுநோய் செல்களை டி.எஃப்.எம். முறையில் அளந்தார்கள். உடம்பில் பரவும் தன்மை கொண்ட செல்கள் மற்றவற்றைவிட அதிக விசையோடு இழுத்தன.

ஆஹா, அப்படியானால் விசையை அளந்தே புற்றுநோய் பரவுமா என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வில், எலியின் ஒரே கட்டியிலிருந்து எடுத்த நான்கு வகை மார்பகப் புற்றுநோய் செல்களை அளந்தபோது நேர் எதிரான விடை வந்தது. பரவும் தன்மை கூடக் கூட இழுவிசை குறைந்தது! செல் வகை, ஜெல்லின் இறுக்கம், மேலே பூசிய புரதம் எல்லாம் மாறினால் விடையும் மாறக்கூடும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த சுப்ரா சுரேஷ், பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உலோகங்களின் வலிமையை ஆராய்ந்தவர். அங்கிருந்து செல்களின் பக்கம் வந்தார். 2003-ல் அவர் பங்கேற்ற ஆய்வு, கணையப் புற்றுநோய் செல்கள் ஒரு குறிப்பிட்ட கொழுப்புப் பொருள் பட்டதும் மிருதுவாவதைக் காட்டியது. கட்டி கல் மாதிரி இருக்கிறது, அதற்குள் உள்ள செல் மட்டும் எப்படி மிருதுவாகும் என்று கேட்கிறீர்களா? கட்டியின் கெட்டித்தன்மைக்குப் பெரிய காரணம் செல்லைச் சுற்றியுள்ள கொலாஜன் நார்கள். செல் மிருதுவாக இருந்தால் அந்த நார்களுக்கு இடையே நுழைந்து போவது எளிது. மும்பை ஐ.ஐ.டி.யில் ஷமிக் சென் குழுவும் செல்களின் விசை, புற்றுநோய் செல்களின் ஊடுருவல் ஆகியவற்றை ஆராய்கிறது.

2024-ல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஜைக்சின் என்ற ஒரே ஒரு புரதத்தின் படத்தை நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்து செல்லின் விசைகளை ஊகிக்க வைத்தது. அந்த நெட்வொர்க்குக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் டி.எஃப்.எம். அளவுகள்தான்.

"இதுல போட்டாத் தெரியுமாண்ணே?"

கடல்பாசிப் படங்களை நான் மானிட்டரில் வைத்திருந்த ஒரு நாள், அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகனும் கடைக்கு வந்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக ரேஷன் கார்டும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

பையன் திரையைப் பார்த்து, என்ன படம் என்று கேட்டான். சொன்னேன். உடனே, "அண்ணே, அம்மா ரிப்போர்ட்ட இதுல போட்டா பரவுமா பரவாதான்னு தெரியுமாண்ணே?" என்றான். அந்த அம்மா அதுவரை பேசவே இல்லை. அப்போதுதான் வாயைத் திறந்தார்: "பரவாதுன்னு வந்துட்டா ஆபரேஷனத் தள்ளிப் போட்டுக்கலாம்ல தம்பி? நடவு நேரம்."

"இல்லம்மா. இது லேப்ல தட்டுல வளக்குற செல்ல அளக்குறது. உடம்புல இருக்குறத இது அளக்காது. டாக்டர் குடுத்த தேதிய மாத்தாதீங்க" என்றேன். பையனிடம் கீபோர்டைக் கொடுத்து, இறுக்கத்துக்கான எண்ணை மாற்றச் சொன்னேன். பத்து மடங்கு கூட்டினான். அதே படம், அதே மிளகுத்தூள், ஆனால் விசை பத்து மடங்கு. "நாம குடுக்குறதுதான் வருதாண்ணே?" என்றான். ஆமாம் என்றேன். அந்த அம்மா ஜெராக்ஸ்களை அடுக்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப தேதிக்கே போயிருவோம்" என்றார்.

நண்பர்களே, டி.எஃப்.எம். இன்னும் ஆராய்ச்சிக்கூடக் கருவிதான். ஆஸ்பத்திரியில் செய்யும் பரிசோதனை அல்ல. ஆனால் திசுவின் இறுக்கத்தை அளக்கும் முறை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. எலாஸ்டோகிராஃபி என்ற ஸ்கேன், மார்பகக் கட்டியும் கல்லீரலும் எவ்வளவு கெட்டியாக இருக்கின்றன என்று காட்டும். அதற்கும் முன்னால் வந்தது டாக்டரின் விரல். கெட்டியாக இருக்கிறதா, நகர்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதும் இதே இயற்பியல்தான். கெட்டியான கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. வலிக்காத கட்டி எல்லாமே சாதாரணமானதும் அல்ல. முடிவைச் சொல்ல வேண்டியது பயாப்ஸி.

நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உடன்பிறந்த சகோதரி புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை மறக்காத அவர் முயற்சியில்தான் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அன்றைக்கு நம் ஊர்க்காரர்கள் சிகிச்சைக்குச் சென்னை வரை போக வேண்டியிருந்தது. இன்றைக்குப் புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கட்டி என்று சந்தேகம் வந்தால் முதலில் காட்ட வேண்டிய இடம் அதுபோன்ற மருத்துவமனைதான், கம்ப்யூட்டர் திரை அல்ல.

கடல்பாசி சோதனையைப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. அம்புக்குறிப் படத்தோடு, கடல்பாசியின் அளவு, தொங்கவிட்ட எடை, ஒரு பிக்சலுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்றையும் கட்டாயம் எழுதி ஒட்டுங்கள். அவை இல்லாமல் அந்தப் படம் வெறும் அலங்காரம்தான். செய்து பார்த்துவிட்டு, இரண்டு தட்டுகளிலும் அம்புகள் எப்படி வந்தன என்று எழுதுங்கள்.